வெளி ஆட்கள் பார்த்தால் வாரண்டி செல்லாது

பெண் வீட்டுக்கு 'வாரண்டி செல்லாது' என்று செய்தி போயிருக்கிறது என்பது சந்துருவுக்குத் தெரியவந்தபோது, அவன் வாயில் பாதி தோசை இருந்தது. மீதிப் பாதியை அவன் சாப்பிடவே இல்லை.

"ஏங்கண்ணு, பொண்ணு பாத்துப்போட்டு வந்ததுக்கெல்லாமா வாரண்டு போடுவாங்க?" என்று கேட்டபடி அவன் அம்மா சரசு போனை நீட்டினாள். "போலீசு கீலீசு வருமா?"

"வாரண்டு இல்லம்மா, வாரண்டி. குடு இப்படி."

செய்தி கன்னடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமராஜநகருக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பெண் ஸ்வாதி. அவளுடைய அப்பா சேகரன், சந்துருவின் கம்பெனி பெயரில் தனக்கு வந்த செய்தியை அப்படியே சரசுவுக்கு அனுப்பி, அடியில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

'அன்புள்ள சேகரன் அவர்களே, உங்கள் புகார் பதிவாகிவிட்டது. எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார். அதுவரை வெளி ஆட்களை விட்டுப் பார்க்க வேண்டாம். வெளி ஆட்கள் பார்த்தால் வாரண்டி செல்லாது.'

அந்த வாசகத்தை எழுதிய மகானுபாவன் சந்துருவேதான்.

மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டையில், லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. ஊரில் எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றாலும் அந்தப் புகார் அவன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலில் ஒரு வரியாக விழும். பட்டியலுக்கென்று ஒரு செயலி வாங்கியிருந்தார்கள். அதில் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. 'இது நடந்தால்' என்று ஒரு பெட்டி, 'அதைச் செய்' என்று இன்னொரு பெட்டி, நடுவில் ஓர் அம்புக்குறி. இழுத்து ஒட்டினால் முடிந்தது. புதுப் புகார் விழுந்தால் வாடிக்கையாளருக்குத் தானாகச் செய்தி போகும். புகார் தீர்ந்தால் நன்றி போகும், கூடவே ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் கேட்டு ஓர் இணைப்பும் போகும். யாரும் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம்.

இதைச் செய்து முடித்த நாளிலிருந்து சந்துருவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மளிகைச் சாமான் பட்டியலையே அதில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அதோடு விட்டிருந்தால் தேவலை.

வீட்டில் மூன்று வருடமாகப் பெண் தேடல். சரசு கொள்ளேகாலத்துக்காரி, மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதவள். மனசில் வைத்துக்கொள்ளாததால் எந்தப் பெண் வீட்டில் என்ன பேசினோம் என்பதும் அவளுக்கு நினைவிருப்பதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வீட்டுக்கே மறுபடி பூ, பழத்தோடு போய் நின்றதும் உண்டு. 'இனி நான் பாத்துக்கறேன்' என்று சந்துரு ஆபீஸ் பட்டியலை அப்படியே நகல் எடுத்தான். தலைப்புகளை மாற்றச் சோம்பேறித்தனம். 'கட்டடத்தின் பெயர்' என்ற இடத்தில் பெண் வீட்டார் பெயர், 'மாடிகள்' என்ற இடத்தில் உடன்பிறந்தவர்கள் எத்தனை, 'பழுதின் தன்மை' என்ற இடத்தில் பெண்ணைப் பற்றிய அபிப்பிராயம்.

நகலிலும் ஆபீஸின் அதே அம்புக்குறிகள்தான் வேலை செய்யும் என்பது அவனுக்குத் தெரியாது. புது வரி விழுந்தால்தான் அவை வாயைத் திறக்கும். பழைய பெண் வீடுகள் நகல் எடுத்த அன்றே மொத்தமாக ஏற்றப்பட்டவை, புது வரியாகக் கணக்கில் வராததால் அவற்றுக்கு எதுவும் போகவில்லை. முதல் புது வரி ஸ்வாதி.

"இப்ப என்ன பண்றது? போன் பண்ணி, தப்பா வந்துருச்சுன்னு சொல்லும்மா. அப்படியே நமக்குச் சம்மதம்னும் சொல்லிரு."

சரசு காதைப் பொத்திக்கொண்டாள். "செவ்வாயோ வெறுவாயோம்பாங்க. இன்னைக்குப் போயி நல்ல வார்த்தை பேசறதா? நாளைக்குப் பண்றேன். பொன்னு கெடச்சாலும் பொதன் கெடைக்காது."

"நாளைக்குத்தான் வேற மாப்பிள்ளை வீடு அவங்களைப் பாக்க வருதுன்னு தரகர் சொன்னாரே!"

"அவங்க மத்தியானந்தான் வருவாங்க. நான் விடியறதுக்குள்ள பண்ணிருவேன்."

இந்தச் சிக்கலுக்கே காரணம் சரசுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அமிர்தமாக நடந்தது. பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று இருவரையும் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். ஸ்வாதி ஒரு கேஸ் ஏஜென்சியில் நாள் முழுக்கப் போனில் புகார் கேட்கிற வேலை பார்ப்பவள். ஞாயிறு அரை நாள், செவ்வாய் விடுமுறை. "கோவம் வந்தா கத்துவீங்களா, பேசாம இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிட மாட்டேன்."

"எத்தனை நேரம்?"

"பசிக்கிற வரைக்கும்."

அவள் சிரித்தாள். சந்துருவுக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. இவள் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று அவன் நினைப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது சரசு கைகூப்பி, "அப்ப வரமுங்க, ஊட்டுக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க" என்றாள்.

போச்சு. பெண் பார்க்கப் போன இடத்தில் 'போய்ச் சொல்கிறோம்' என்றால் என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சேகரன் முகம் வாடியதை அவன் பார்த்தான்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று பஸ்ஸில் சண்டை போட்டான்.

"நானா கண்ணு சொன்னேன்? மூணு வருசமாச் சொல்லிச் சொல்லி, வாயி தானாச் சொல்லிப்போடுச்சு."

மறுநாள் திங்கள், அஷ்டமி. போன் கூடாது. புதன்கிழமை அம்மாவுக்கு நினைவுபடுத்த வேண்டுமே என்றுதான் அவன் திங்கள் மாலை ஸ்வாதியின் பெயரைப் பட்டியலில் ஏற்றினான். பழுதின் தன்மை என்ற இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினான்: 'pazhudhu onnum illa. romba pidichirukku.' பொத்தானை அழுத்தும்போது அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை, பாதித் தோசையோடு எழுந்து ஆபீஸுக்கு ஓடினான். முதல் வேலையாக ஸ்வாதியின் வரியைப் பட்டியலிலிருந்து நீக்கினான். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

அம்மா போன் செய்தாள். "இப்ப ரெண்டு கேள்விக்குறி போட்டிருக்காருடா."

வரி நீங்கினால் புகார் தீர்ந்ததாக அர்த்தம். தீர்ந்தால் செய்தி போகும். போயிருந்தது. 'அன்புள்ள சேகரன் அவர்களே, உங்கள் விஷயம் முடிந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தரவும்.'

பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் உமேஷிடம் காட்டினான். உமேஷ் வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவனுக்குச் சந்துரு 'குரு'.

"குரு, கல்யாணப் பேச்சுல 'முடிஞ்சது'ன்னா நிச்சயமாச்சுன்னுதானே?"

"இல்லன்னா, ஆளை விடுன்னும் அர்த்தம்."

"அப்போ அவங்க எதுன்னு எடுத்துக்குவாங்க?"

"நம்ம ஏற்கெனவே 'போய்ச் சொல்றோம்'னு சொல்லிட்டு வந்திருக்கோம் உமேஷ். வேற எதுன்னு எடுத்துக்குவாங்க?"

உமேஷ் டீயை உறிஞ்சினான். "டிலீட் பண்ணதைத் திருப்பிப் போட முடியாதா? திருப்பிப் போட்டா முடியலன்னு ஆகும்ல?"

கெடுமதி கண்ணுக்குத் தெரியாது. யோசனை நல்லதாகவே பட்டது. முன்னெச்சரிக்கையாகச் செய்தி அனுப்புகிற அம்புக்குறியை முதலில் நிறுத்தினான். பிறகு செயலியின் குப்பைத்தொட்டியிலிருந்து ஸ்வாதியின் வரியை மீட்டு, வீட்டுப் பட்டியலில் பழைய இடத்திலேயே வைத்தான். எதுவும் போகவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து சத்தம் வந்தது. நிறுத்தியது ஆபீஸுக்கும் சேர்த்து ஒரே அம்புக்குறி. விஜயநகரில் ஒரு லிஃப்ட் நின்றுபோய், புகார் கொடுத்தவருக்குப் பதிலே போகாமல் அவர் வரவேற்பறைக்குப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சந்துரு அதை மறுபடி ஓடவிட்டான்.

நின்றிருந்தது ஓட ஆரம்பித்தால் பசியோடு ஓடும். கண்ணில் பட்ட வரியெல்லாம் அதற்குப் புதுப் புகார்தான். சேகரனுக்கு மறுபடியும் 'எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார்' போனது. அவருக்கு மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. மூன்று வருடமாகப் பார்த்துவிட்டு, 'போய்ச் சொல்கிறோம்' என்று கும்பிட்டுவிட்டு வந்த அத்தனை பெண் வீடுகளுக்கும் போனது.

சரசு போனில் அழாத குறை. "டேய், ஹனூர்க்காரங்க கூப்புடறாங்கடா! 'எங்க பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்துருச்சுங்க, இப்ப வந்து என்னத்தங்க பாக்கப்போறீங்க'ன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? கொழந்தையப் பாக்க வரமுன்னு சொல்லிப்போட்டேன்."

"அம்மா!"

"இரு, இன்னும் இருக்குது. அந்தக் கோபிநத்தத்துக்காரங்க, 'வாங்க வாங்க, பஜ்ஜிக்கு மாவு கரைச்சாச்சு'ங்கறாங்க. அந்தப் பொண்ணை நாம வேண்டாம்னமா, அவங்க நம்மள வேண்டாம்னாங்களா?"

சந்துரு பதில் சொல்வதற்குள் கம்ப்யூட்டரில் சிவப்பாக ஒன்று மின்னியது. சேகரனிடமிருந்து மதிப்பெண் வந்திருந்தது.

ஒன்று.

ஐந்துக்கு ஒன்று. அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரு மனிதர் வாயால் சொல்லத் தயங்குவதை எண்ணால் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் அம்மா புதன்கிழமை பார்த்துப் போன் செய்து என்ன, செய்யாவிட்டால் என்ன?

துக்கப்படக்கூட அவனுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. யாராவது ஒன்று போட்டால் மேனேஜரின் போனில் சங்கு ஊத வேண்டும், அன்றைக்கே நேரில் ஆள் போக வேண்டும் என்று ஓர் அம்புக்குறி இருந்தது. அதையும் இழுத்தவன் அவன்தான். மாடிப்படியில் சங்கு ஊதிக்கொண்டே இறங்கி வந்தது. பின்னாலேயே மேனேஜர் நஞ்சுண்டசாமி வந்தார். கன்னடக்காரர். தமிழ் தெரிந்தவர்களிடம், சினிமாவில் கற்ற தமிழைச் செலவழிப்பார்.

"சந்துரு, ஏன்ரி இது? ஒந்து! கஸ்டமர் ஒண்ணு குடுத்திருக்காரு! யாரு இந்த சேகரன்?"

"சாமராஜநகர் சார். அது… புது சைட்டு."

"எஷ்டு மாடி?" என்று தானே போனைப் பார்த்தார். "ரெண்டு மாடி. பழுது என்ன?" கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "ரொம்ப… பிடிச்சிருக்கு."

சந்துரு கண்ணை மூடிக்கொண்டான்.

நஞ்சுண்டசாமிக்கு வேர்த்துவிட்டது. கன்னடத்தில் 'ஹிடி' என்றால் பிடி. லிஃப்ட் பிடித்துக்கொண்டது என்றால் நடுவழியில் இறுகி நின்றுவிட்டது என்று அர்த்தம். "ரொம்பப் பிடிச்சுக்கிச்சா? அய்யய்யோ, ஒளகடெ, உள்ள, யாராவது இருக்காங்களா? காலையிலேர்ந்து கஸ்டமர் மெசேஜ்மேல மெசேஜ் வாங்கியிருக்கான், நீங்க உக்காந்து என்னரி பண்றீங்க? உமேஷ், வண்டி எடு! கட்டர், டார்ச், கயிறு, எல்லாம் எடு! நானே வர்றேன்!"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மானம் போகும். எது மலிவு என்று சந்துரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் அவனை வண்டியின் பின்சீட்டில் கயிற்றோடு கயிறாகத் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

நஞ்சன்கூடு தாண்டியதும் நஞ்சுண்டசாமி, மாட்டிக்கொண்டவர்களுக்குத் தைரியம் சொல்லச் சேகரனின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், லிஃப்ட் கம்பெனி மேனேஜர் பேசறேன். நாங்க வந்துக்கிட்டே இருக்கோம். பயப்படாதீங்க."

"வாங்க வாங்க," என்றார் சேகரன் அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் குழம்பிய குரலில். "யாரெல்லாமுங்க வர்றீங்க?"

"பூரா டீமும் வருது. உள்ள எத்தனை பேர் இருக்காங்க?"

"உள்ளயா? என்ற பொண்ணும் அவங்கம்மாளும் இருக்காங்கங்க."

"அய்யோ, லேடீஸ்! மூச்சு விட முடியுதா?"

"விடறாங்கங்க. இப்பத்தான் சாப்புட்டு உக்காந்தாங்க."

"சாப்பாடா? உள்ள எப்படிக் குடுத்தீங்க?"

"தட்டுலதானுங்க."

நஞ்சுண்டசாமி போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "பாருங்கரி, கதவு இடுக்குல தட்டை விட்டுச் சோறு குடுக்கறாங்க. என்ன ஜனங்க! நாம வாரண்டி பேசிட்டு உக்காந்திருக்கோம்."

உமேஷ் கண்ணாடியில் சந்துருவைப் பார்த்தான். வண்டி ஒரு தடவை குலுங்கியது. அவன் சிரிப்பை அடக்கியதில் ஸ்டியரிங் ஆடிவிட்டது.

அம்மா அழைத்தாள். சந்துரு போனுக்குள் தலையை விட்டுக் கிசுகிசுத்தான். "சாமராஜநகர் போறேன்."

"செவ்வாக்கெழமையா? பாவி! பாதி வழியில எறங்கிருடா!"

"வண்டி எங்க மேனேஜரோடது."

"அப்ப வலது கால வெச்சாவது உள்ள போ," என்று சரசு போனை வைத்தாள்.

சேகரனின் வீடு ஒரே தளம். வாசலில் வேப்பமரம், ஓரத்தில் ஆட்டுக்கல். வண்டி நிற்பதற்குள் நஞ்சுண்டசாமி டார்ச்சோடு குதித்துவிட்டார். உமேஷ் கட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். சேகரன் வெள்ளை வேட்டி, புதுச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தார்.

"மாடி எங்கே சார்?"

"மாடி இன்னும் கட்டலீங்க."

"பின்ன ரெண்டு மாடின்னு போட்டிருக்கு?"

உமேஷ் வீட்டைச் சுற்றி ஓடிப்போய் வந்தான். "சார், மனேல லிஃப்டே இல்லா சார்!"

நஞ்சுண்டசாமி வீட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கடைசியில் வேப்பமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற சந்துருவைப் பார்த்தார். "சந்துரு. இங்க வாங்க. என்ன பிடிச்சிருக்கு இங்க?"

இனி ஒளிக்க இடமில்லை. சந்துரு முன்னால் வந்தான். மேனேஜரைப் பார்க்காமல் சேகரனைப் பார்த்தே சொன்னான்.

"எனக்கு… உங்க பொண்ணைப் பிடிச்சிருக்குங்க. அதைத்தான் எழுதினேன். எங்க அம்மா 'போய்ச் சொல்றோம்'னது வாய் தவறிங்க. வாரண்டி, புகார் எல்லாம் லிஃப்ட்டுக்கு எழுதினது. உங்க வீட்டுக்குன்னு நான் எழுதினது அந்த ஒரே வரிதான். நீங்க ஒண்ணு போட்டுட்டீங்க. தப்பில்லைங்க, நானா இருந்தா சைபர் போட்டிருப்பேன். மன்னிச்சுக்குங்க, நாங்க கிளம்பறோம். இந்த வேலையும் எனக்கு இனி இருக்காதுன்னு நினைக்கிறேன்."

நஞ்சுண்டசாமிக்கு எல்லாம் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. முகம் சிவந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தார். கதவு நிலைக்கு அந்தப்பக்கம் மஞ்சள் புடவையில் ஸ்வாதி நின்று, முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். திட்டை விழுங்கினார். அவருக்கும் வீட்டில் இரண்டு பெண்கள்.

"வாங்க, வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க," என்றார் சேகரன்.

உள்ளே பாய் விரித்திருந்தது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ. பெரிய தூக்குச்சட்டி நிறையக் காபி. யாருக்கோ தயாராக இருந்த மாதிரி இருந்தது. நாளைக்கு வரப்போகிறவர்களுக்கு இன்றைக்கே எடுத்து வைத்துவிட்டார்கள் போல என்று நினைத்து, சந்துரு தட்டைப் பார்க்காமல் உட்கார்ந்தான். உமேஷ் கட்டரை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

காபி வந்தது. நஞ்சுண்டசாமி ஒரு வாய் குடித்தார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் மேனேஜர். மனசு ஆறவில்லை.

"எல்லாம் சரி சார். பையன் தப்பு பண்ணான், நான் ஒப்புக்கறேன். ஆனா எங்க கம்பெனி மெசேஜ் நல்லாத்தானே இருந்துச்சு? மரியாதையா 'அன்புள்ள'ன்னுதானே வந்துச்சு? அதுக்கு ஏன் சார் ஒந்து போட்டீங்க?"

சேகரன் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். காபி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி கௌரம்மாதான் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இவரு அஞ்சுதானுங்க போடப்போனாரு. புள்ளதான் போனைப் புடுங்கி ஒண்ணு போட்டா. 'அஞ்சு போட்டா நன்றின்னு மெசேஜ்தாம்மா வரும், ஒண்ணு போட்டாத்தான் ஆளு வரும்'னா."